கட்டிலுக்கு அடியில் ஒரு மூலை

சம்பத்தை முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு கோணிப்பையும் நைலான் கயிறும் இருந்தன. வேலூருக்கு வெளியே, அடிபட்ட தெருநாய்களை வைத்துக் காப்பாற்றுகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களைக் குளிப்பாட்ட ஆள் போதவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்படிப் போனவன் நான். அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வராமல் நின்றபடியே கூப்பிட்டார்.

"தம்பி, மூணு கால் நாய் ஒண்ணு கீது, வந்து கூட்டிக்கினு போங்கன்னு போன் பண்ணாங்க. எங்க வூட்டுக்காரம்மா பேரு கமலம்."

"கோணி எதுக்குண்ணா?"

"பஸ்ல நாய ஏத்த மாட்டான். உள்ள போட்டு, மூச்சு வுட ஒரு ஓட்டைய வெச்சி, மடியில வெச்சிக்கினா கோழின்னு நெனச்சிப்பான்."

கமலம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவர். கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு வேன் ஏறி இறங்கிய நாயைத் தன் துப்பட்டாவில் சுற்றி, ஆட்டோ பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று காலோடு அதை மறுபடியும் ஹைவே ஓரத்தில் விட முடியாது. மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், வீடு சும்மாதான் கிடக்கிறது, நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று கமலம் சொல்லிவிட்டார்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற ஷர்மிளா, நாயை அவர் கையில் கொடுக்கும்முன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். எழுந்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். சாப்பிட்டதும் கொண்டுபோக வேண்டும். வெளியே ஒன்றுக்குப் போனால் தட்டிக்கொடுத்து ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கக் கூடாது.

"ஆனா தொடச்சா மட்டும் பத்தாதுண்ணா. வாடை கொஞ்சம் இருந்தா கூட, இதுதான் நம்ம இடம்னு திரும்பத் திரும்ப அங்கதான் போவும். தொடச்சிட்டு குனிஞ்சி மோந்து பாருங்க. ஒண்ணுமே தெரியாத வரைக்கும் கழுவுங்க."

சம்பத் சிரித்தார். "மோந்து பாக்கறத எனக்கே சொல்லித் தர்றியாம்மா? எங்க ஷாப்புல வந்து கேளு, சம்பத்து மூக்குன்னா இன்னான்னு."

அது வெறும் பேச்சு இல்லை. பிற்பாடு அவர் வீட்டுக்குப் பல முறை போக நேர்ந்தது. அவர் சொன்னதும் கமலம் சொன்னதும் சேர்ந்ததுதான் இனி வருவது.

சம்பத் மீசை அரும்பும் முன்பே தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்குப் போனவர். முதலில் சுண்ணாம்புத் தொட்டி. மயிர் கழன்ற தோலைத் தூக்கித் தூக்கி நகக்கண் வெந்துபோன வேலை. பிறகு கழிவுத் தண்ணீர்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கே தரைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி. அவ்வப்போது தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் தங்கிய சகதியை ஆள் இறங்கித்தான் வார வேண்டும். சகதியில் விஷக் காற்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் உண்டு. அது ஆபீஸ் பீரோவில் இருக்கும், அதிகாரிகள் வருகிற நாளில் வெளியே வரும். மற்ற நாளில், அனுபவப்பட்ட ஒருவர் தொட்டி வாயில் மண்டிபோட்டு மோந்து பார்த்து "இறங்கு" என்பார். ஆள் இறங்குவான். அந்த அனுபவப்பட்டவர் சம்பத்.

அந்தப் பெயர் அவருக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மழைக்காலம். இரண்டு பேர் கயிறு கட்டி இறங்கத் தயாராக இருந்தபோது, ஓரமாக நின்ற சம்பத், "வேணாம், வாடை தப்பா கீது" என்று தடுத்தார். அப்போதிருந்த மேஸ்திரி நம்பவில்லை. யாரோ ஒரு கோழியைக் கூடையில் வைத்து இறக்கினார்கள். மேலே வந்தபோது அதன் தலை தொங்கிப்போயிருந்தது. அன்றிலிருந்து அவர் மூக்கு சம்பத். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவைத் திறக்கும்முன், "மூக்கண்ணா, தம் ஆயிடிச்சா பாத்து சொல்லு" என்று கூப்பிடுவார்கள். போய் நிற்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்க்காத ஒரு மனிதருக்கு ஊரில் கிடைத்த பட்டம் அது.

அன்று இறங்க இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஜோசுவாவின் அப்பா. இப்போது இறங்குகிறவன் ஜோசுவா. "எங்கப்பா உயிரு உன் மூக்குல இருந்துச்சி. என்னுதும் அங்கயே இருக்கட்டும்ணா" என்று இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு இறங்குவான். சம்பத் "இறங்கு" என்று சொல்லாமல் ஒரு நாளும் அவன் ஏணியில் கால் வைத்ததில்லை.

நாய்க்குச் சிட்டு என்று பெயர் வைத்தது கமலம். காலையில் கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். சம்பத்துக்குப் பத்து மணிக்குத்தான் ஷிப்ட், சாயந்திரம் கமலத்துக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார். அதனால் சிட்டுவைப் பழக்குகிற வேலை அவர் தலையில் விழுந்தது.

முதல் சில நாட்கள் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. சோற்றைத் தட்டோடு உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அவர் திரும்பிப் படுத்த பிறகுதான் தின்னும் சத்தம் கேட்கும். தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் விட்டால், ஒற்றைப் பின்னங்கால் நடுங்க நிற்கும். எங்கோ ஒரு வேன் ஹாரன் அடித்தால் போதும், வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் பாயும். பாய்ந்து, கட்டிலுக்கு அடியில், சுவரும் சுவரும் சேருகிற அந்த மூலையில் போய்விடும்.

சம்பத் துடைத்தார். பழைய லுங்கியால் ஒரு முறை, ஈரத்துணியால் ஒரு முறை. தரை பளிச்சென்று ஆனது. மறுநாளும் அதே மூலை. அதற்கடுத்த நாளும்.

சாயந்திரம் வேனை விட்டு இறங்கி வந்த கமலம் வாசலிலேயே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாய்யா தொடச்ச நீ? கொடலப் புடுங்குது."

"நல்லாத்தான் தொடச்சேன். தரையப் பாரு, மொகம் பாக்கலாம்."

"மொகம் பாத்துக்கினு கட. நாத்தம் அப்படியே கீது. உனக்கு ஒண்ணும் தெரியலியா?"

"தோல் ஷாப்புல நிக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு நாத்தமா?"

இந்தப் பதில் அவருக்கே பிடித்திருந்தது. ஒரு தடவை சிட்டுவைப் பார்க்க வந்த ஜோசுவாவும் வாசலில் நின்று முகத்தைச் சுளித்தான். "இன்னாணா, மூக்குக்காரன் வூடே இப்படி நாறுது?" என்று கேட்டுவிட்டு அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்: "பெரிய மூக்கு சில்லறை நாத்தத்தெல்லாம் கண்டுக்காது போல."

பக்கத்து வீட்டு பூவம்மாளுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். வீட்டு ஓனரிடம் சொல்லிவிடுவேன் என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டு, மூன்றாம் முறை அறிவுரைக்கு இறங்கினார். "நாய்க்கு வாயால சொன்னா ஏறாது சம்பத்து. அது போன எடத்துலயே அதோட மூக்க வெச்சித் தேய். அப்பதான் புத்தி வரும்."

கமலமும் அன்றைக்கு முந்தின இரவு ஒரு வார்த்தை விட்டிருந்தார். இது இப்படியே இருந்தால் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று. கொண்டுவந்தவரே அப்படிச் சொன்னது சம்பத்துக்குச் சுருக்கென்றது. பழக்கத் தெரியாதவன் என்றல்லவா அர்த்தம்?

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்துக் கமலம் போனதும், சிட்டு மூலைக்கு ஓடியது. சம்பத் கட்டிலை நகர்த்தினார். நாயின் பிடரியைப் பிடித்து, ஈரத்தின் மேல் அதன் முகத்தை அழுத்தினார். அது கத்தவில்லை. வேன் ஏறியபோது எப்படிக் கிடந்திருக்குமோ அப்படி உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டது. கண்ணை மட்டும் மேலே திருப்பி அவரைப் பார்த்தது. இன்னும் அழுத்துவதற்காக அவர் நன்றாகக் குனிந்தார். அவர் மூக்குக்கும் அந்த ஈரத்துக்கும் நடுவே விரற்கடை இடம்கூட இல்லை.

ஒன்றும் தெரியவில்லை.

பிடி தளர்ந்தது. சிட்டு நழுவிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சம்பத் இன்னொரு முறை மூச்சை இழுத்தார். குடிதண்ணீர்க் குடத்தை மோந்தது போல இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனார். காபித்தூள் டப்பாவைத் திறந்தார். தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, மணம் வரவில்லை. சாமி மாடத்தில் இருந்த கற்பூரத்தை நசுக்கினார். பரணிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை இறக்கி முகத்தோடு அழுத்திக்கொண்டார். பினாயில் பாட்டிலைத் திறந்தபோது கண் எரிந்தது, மூக்குத் தண்டில் காரம் ஏறியது. அந்தக் காரத்தைத்தான், அந்த எரிச்சலைத்தான், இத்தனை நாள் தொட்டி வாயில் குனிந்து வாடை என்று நினைத்திருக்கிறோம் என்பது பாட்டிலை மூடும்போது அவருக்குப் புரிந்தது.

அன்று ஷிப்டுக்கு நேரமாகியும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஜோசுவாவை எத்தனை முறை இறக்கினோம் என்று எண்ணிப் பார்க்க முயன்று, எண்ணாமல் விட்டுவிட்டார்.

கமலத்திடம் சொன்னபோது, "சளி புடிச்சிருக்கும்" என்றார் கமலம். ஆவி பிடிக்க வைத்தார். நொச்சி இலை, விக்ஸ், மிளகுக் கஷாயம் எல்லாம் ஆனது. பிறகு லீவு போட்டுக்கொண்டு இருவரும் வேலூருக்குப் போய்க் காது மூக்கு டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் ஒவ்வொரு சீசாவாக மூக்கருகே காட்டினார். கடைசிச் சீசாவையும் மூடிவிட்டு, இது ஒரு நாளில் போனதில்லை, வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், திரும்பி வருவது சந்தேகம்தான் என்றார். வேலையைப் பற்றிக் கேட்டார். சம்பத் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல மூக்கா இருந்தாலும் இந்த வேலைக்கு மூக்க நம்பவே கூடாதுங்க. அந்த கேஸ் ஜாஸ்தியாச்சுன்னா முதல்ல மூக்கத்தான் மரத்துப்போக வைக்கும். வாடையே இல்லன்னு நினைச்சு இறங்குவாங்க. அப்பதான் ஆள் காலி."

"அந்தக் கோழி..." என்று சம்பத் தொடங்கினார்.

"எந்தக் கோழி?"

"ஒண்ணுமில்ல சார்."

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வாடை தெரிந்தது வெறும் தற்செயல். இன்னும் கொஞ்சம் விஷக் காற்று தேங்கியிருந்தால் அதே மூக்கு "இறங்கு" என்றிருக்கும். ஊர் அவருக்குக் கொடுத்திருந்த ஒரே மரியாதை இப்படிக் கரைந்துபோனதை, மாதனூர் தாண்டும் வரை கமலத்திடம்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

சொன்னபோது கமலம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் கவலை வேறு. "ஷாப்புல வாயத் தொறக்காத. மூக்கு இல்லன்னா உன்ன எதுக்கு வெச்சிருப்பான்? இந்த வயசுல எங்க போயி நிப்ப?"

"அந்தப் பையன் இறங்கறான் கமலா."

"ஏதாவது சாக்கு சொல்லு. வாடை சரியில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டே இரு."

"எத்தினி நாளைக்கு?"

கமலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானார்.

சிட்டு விஷயத்துக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கும்போது, ஓட்டையும் தழும்பும் இருக்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பார்கள். சம்பத் ஒரு சாக்பீஸைக் கொண்டுவந்தார். சிட்டு வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகிற இடத்தைக் கண்ணால் பார்த்து, காயும்முன் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத் துடைத்தார். சாயந்திரம் கமலம் வந்து, அந்த வட்டத்துக்குள் குனிந்து மோந்து பார்த்து, "போவல" என்பார். வெந்நீரும் வினிகரும் ஊற்றி மறுபடி தேய்ப்பார்கள். "இப்ப?" "கொஞ்சம் கீது." மறுபடி. கமலத்தின் மூக்கு "இல்ல" என்று சொன்ன பிறகுதான் வட்டத்தை அழித்தார்கள்.

தெருப்பக்கம் கொண்டுபோவதையும் நிறுத்தினார். வேன்கள் வராத பின்பக்கத்துக் காலி மனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அது தரையை மோந்துகொண்டு ஒரே இடத்தைச் சுற்றத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது என்று கண்டுகொண்டார். போய் முடித்ததும் ஒரு துண்டு பொறை ரொட்டி. பிடரியில் கை வைக்கப் போனால் மட்டும் அது இன்னும் உடம்பை ஒடுக்கிக்கொண்டது. அவர் கையை எடுத்துக்கொள்வார்.

மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. தொட்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும். சூப்பர்வைசர் செல்வகுமார் காலையிலேயே ஆட்களைக் கூட்டிவிட்டார். ஜோசுவா இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு நின்றான்.

"இன்னாணா, ராத்திரி சிட்டு தூங்க வுட்டுச்சா? கண்ணு செவந்து கீது. சரி, உள்ள மோந்து பாத்துச் சொல்லு, நான் இறங்கறேன்."

சம்பத் மண்டிபோட்டார். இரும்பு மூடியை நகர்த்தியிருந்தார்கள். உள்ளே இருட்டு. குனிந்தார். கண் எரியவில்லை. மூக்கில் காரமும் ஏறவில்லை. உள்ளே காற்று நல்லதாகவே இருக்கலாம். இறங்கு என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னால் ஜோசுவாவின் ரப்பர் பூட்ஸ் ஏணிப் பக்கம் நகர்கிற சத்தம் கேட்டது.

"இருடா. எனக்குத் தெரியல."

"ஜாஸ்தியா கீதா?"

"ஜாஸ்தியோ கம்மியோ எனக்குத் தெரியாதுடா. மூக்கு போயிடுச்சி. டாக்டர்கிட்ட காட்டிட்டேன்."

யாரோ சிரித்தார்கள், தமாஷ் என்று நினைத்து. ஜோசுவா சிரிக்கவில்லை.

"எப்ப போச்சி?"

"ரொம்ப நாளாவே போயிக்கினு இருந்திருக்கும்னாரு."

"பொங்கலுக்கு முன்ன இறங்கினனே, அப்ப?"

சம்பத் கையை ஊன்றி எழுந்தார்.

"அதுக்கு முன்ன? தலை சுத்துது, தூக்குங்கடான்னு கத்தினனே, அன்னிக்கி? நீ இறங்குன்னுதான சொன்ன?"

"தெரியாமத்தான்டா சொன்னேன். சாமி சத்தியமா எனக்கே தெரியாது. ஆனா இத கேளு. எவன் மூக்கும் ஆவாது. அந்த கேஸ் மொதல்ல மூக்கத்தான் மரத்துப்போவ வெக்குமாம். சார், மீட்டர எடுங்க. அது இல்லாம எவனும் இறங்க வேணாம்."

செல்வகுமார் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார். "மீட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கு. பேஜார் பண்ணாத சம்பத்து. காலங்காத்தால நாலு பேர பயமுறுத்திக்கினு."

"உனக்குப் போச்சின்னா ஊருக்கே போச்சாணா?" என்றான் ஜோசுவா. அவன் முகத்தில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. இத்தனை நாள் எதன் மேல் நின்றோம் என்று காலடியைப் பார்த்துக்கொள்கிறவன் முகம் அது. "கோவிந்தசாமிண்ணா, நீ வந்து பாரு."

கோவிந்தசாமி ஓய்வு பெற ஒரு வருஷமே பாக்கி உள்ளவர். மூக்குப்பொடி போடுகிறவர். பொடி போட்டால் மூக்குச் சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் தயங்கிக்கொண்டே வந்து, துண்டால் மூக்கைத் துடைத்து, சம்பத் எழுந்த அதே இடத்தில் மண்டிபோட்டார். குனிந்து இழுத்தார்.

"பரவால்ல. இறங்கலாம்."

சம்பத் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஜோசுவா, வேணாம்டா. காலுல வுழறேன்." செல்வகுமார் இரண்டு பேரை விட்டு அவரை நகர்த்தினார். அவர் கேட்டுக்கு வெளியே, லாரி நிற்கிற இடத்தில் போய் நின்றார். உள்ளிருந்து வாளி ஏறி இறங்குகிற சத்தம் வந்தது. சத்தம் நிற்கும்போதெல்லாம் அவர் மூச்சையும் நிறுத்தினார்.

மத்தியானம் ஜோசுவா மேலே வந்தான். முழங்கால் வரை சகதி. நன்றாகத்தான் இருந்தான். குழாயடியில் காலைக் கழுவிவிட்டு, சம்பத்தைத் தாண்டிப் போனான், பார்க்காமல். செல்வகுமார் கேட்டருகே வந்து, "பாத்தியா? நீ இல்லாமயே ஆச்சு" என்றார்.

அதுதான் ஆபத்து என்று சம்பத்துக்குத் தோன்றியது. அன்று யாருக்காவது மயக்கமாவது வந்திருந்தால் மீட்டர் வெளியே வந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. மூக்கு ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு மாறியதோடு சரி. அப்படி நினைத்ததற்காக அந்த இரவே தன்னைத்தானே திட்டிக்கொண்டதாகவும் சொன்னார்.

அதன் பிறகு மீட்டரைப் பற்றி ஆபீஸில் இரண்டு முறை கேட்டார். முதல் முறை பார்க்கலாம் என்றார்கள். இரண்டாம் முறை, வேலை வேண்டுமா என்று கேட்டார்கள். கலெக்டர் ஆபீஸுக்கு எழுதிப் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தோம், எழுதியும் போட்டோம். ஒரு நாள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அன்று மீட்டர் பீரோவை விட்டு வெளியே வந்து தொட்டியருகே இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார்கள். யார் எழுதியது என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிழைப்பில் மண் போடப் பார்த்தான் என்று ஆட்களே பேசினார்கள். கல்யாண வீட்டில் அண்டா திறக்க இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

சிட்டு இப்போது வீட்டுக்குள் ஒன்றுக்குப் போவதில்லை. நேரமானால் பின்கதவைச் சுரண்டுகிறது. கட்டிலுக்கு அடியில் அல்ல, கமலத்தின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கிறது. கமலம் கூப்பிட்டால் மூன்று காலில் ஓடுகிறது. சம்பத் கூப்பிட்டால் வருகிறது. ஆனால் கை நீட்டும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறது. அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

சம்பத்தைப் பச்சைத்தோல் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். தோல்களிலிருந்து உதிர்கிற உப்பைக் கூட்டி மூட்டை கட்டுவது அவர் வேலை. தொட்டிப் பக்கம் போக அனுமதி இல்லை. கோவிந்தசாமி இந்தச் சித்திரையோடு ஓய்வு பெறுகிறார். அடுத்து மோந்து பார்ப்பது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. ஜோசுவா இப்போதும் இறங்குகிறான்.